கார்டு மாற்றுவதற்கு முன்பு: கேமிங் கணினியின் கோளாறுகளை அறிகுறி வைத்துப் பிரிப்பது

கேம் தடுமாறினால் முதல் பழி கிராபிக்ஸ் கார்டின் மேல்தான் விழும். கேபினட்டுக்குள் பெரும்பாலும் அதுதான் விலை அதிகமான பொருள், புது மாடல் வந்தால் எல்லோரும் பேசுகிற பொருளும் அதுதான். ஆனால் மின்சாரம், ராம், பயாஸ் (ஆன் செய்ததும் முதலில் ஓடும் மதர்போர்டு மென்பொருள்) அமைப்பு, காற்றோட்டம், சில சமயம் வெறும் ஒரு கேபிள் என்று மற்ற காரணங்கள் ஏராளம். கண்ணில் படும் அறிகுறியை வைத்துக் கீழே பிரித்திருக்கிறேன். உங்களுக்கு வந்திருப்பது எதுவோ அங்கே நேராகப் போகலாம். ஏதாவது வாங்கித்தான் தீர வேண்டும் என்ற இடத்தில், ரிவ்யூவில் எதைப் பார்த்து வாங்குவது என்பதையும் சேர்த்திருக்கிறேன்.

எதையும் கழற்றும் முன் இரண்டு இலவச மென்பொருள்களைப் போட்டுக்கொள்ளுங்கள். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் கேம் ஓடும்போதே திரை மூலையில் எண்களைக் காட்டும். எந்த நிறுவனத்தின் கார்டாக இருந்தாலும் வேலை செய்யும். எச்டபிள்யூஇன்ஃபோ எல்லா சென்சார்களையும் படித்துக் கோப்பாகப் பதிவு செய்து வைக்கும்.

அதில் முதலில் பார்க்க வேண்டியது ஜிபியு (கிராபிக்ஸ் கார்டின் சிப்) பயன்பாடு. அது 95 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் கார்டு முழு மூச்சில் ஓடுகிறது; எஃப்பிஎஸ் (விநாடிக்கு எத்தனை சட்டங்கள், அதாவது படங்கள்) போதவில்லை என்றால் கார்டின் எல்லை அதுதான். நீங்கள் எஃப்பிஎஸ் வரம்பு எதுவும் வைக்காதபோதும் 60, 70 சதவீதத்திலேயே நின்றால், கார்டு வேறு எதற்கோ காத்திருக்கிறது. அந்த இடத்தில் புது கார்டைப் போட்டால் அதுவும் காத்திருக்கும். சிபியுவின் (மெயின் பிராசசர்) மொத்தப் பயன்பாடு 35 சதவீதம் என்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். பல கேம்களில் ஒரே ஒரு த்ரெட்தான் (சிபியு ஒரே நேரத்தில் நடத்தும் வேலை வரிசைகளில் ஒன்று) வேகத்தைத் தீர்மானிக்கிறது. 12 த்ரெட் உள்ள சிப்பில் அது முழுதாக நிரம்பினாலும் மொத்தக் கணக்கில் 8 சதவீதம்தான்.

விசிறி சுற்றுகிறது, திரையில் ஒன்றுமில்லை

மானிட்டர் கேபிள் கார்டில் இருக்கிறதா, மதர்போர்டில் இருக்கிறதா? இன்டெல் 12400எஃப் போல எஃப் என்று முடியும் சிப்களிலும், ரைசன் 5 5600 போன்றவற்றிலும் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. மதர்போர்டின் எச்டிஎம்ஐ துளை அவற்றுக்கு அலங்காரம் மட்டுமே.

ரைசன் 7000, 9000 வரிசை என்றால் இன்னொன்று. டிடிஆர்5 ராமோடு முதல்முறை ஆன் செய்யும்போது மதர்போர்டு ராமைப் பழக்கப்படுத்திக்கொள்ளும். இதற்குச் சில நிமிடங்கள் ஆகும், அதுவரை திரை இருட்டாகவே இருக்கும். பதறிப்போய் நடுவில் பவரை அணைத்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். பத்து நிமிடம் விட்டுவிடுங்கள்.

அப்புறமும் வரவில்லை என்றால் பல மதர்போர்டுகளின் ஓரத்தில் சிபியு, டிராம் (ராம்), விஜிஏ (கிராபிக்ஸ் கார்டு), பூட் என்று நான்கு குட்டி விளக்குகள் இருக்கும். எதில் நிற்கிறதோ அங்கேதான் தேட வேண்டும். டிராம் என்றால் ஒரே ஒரு ராமை மட்டும், சிபியுவிலிருந்து இரண்டாவது துளையில், இரண்டு பக்கமும் கிளிக் என்று சத்தம் வரும்வரை அழுத்திச் செருகுங்கள். சிபியு என்றால் மதர்போர்டின் மேல் இடது மூலைக்கு வரும் எட்டு முள் கேபிளைப் பாருங்கள். அது சரியாக இருந்தால் பயாஸ் பழையதாக இருக்கலாம். பி450 போர்டில் ரைசன் 5000 ஓடும், ஆனால் பழைய பயாஸோடு அலமாரியில் கிடந்த போர்டு அந்தச் சிப்பை அடையாளமே தெரிந்துகொள்ளாது.

கேம் நடுவில் பொட்டென்று அணைகிறது, அல்லது ரீஸ்டார்ட் ஆகிறது

நீலத்திரை வரவில்லை, எச்சரிக்கை இல்லை, சுவிட்சை அணைத்ததுபோல் போய்விடுகிறது. விண்டோஸின் ஈவன்ட் வியூவரைத் திறந்தால் 'கெர்னல் பவர் 41' என்று ஒரு பதிவு இருக்கும். இணையத்தில் இந்த எண்ணைத் தேடி, அதையே நோயாக நினைத்துக்கொண்டு அலைபவர்கள் அதிகம். 'போன முறை ஒழுங்காக அணைக்கப்படவில்லை' என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. அதோடு 'வியா லாகர் (WHEA-Logger) 18' என்ற பதிவும் இருந்தால் மட்டும் கவனியுங்கள். அது சிபியு பக்கம் அல்லது ஓவர்கிளாக் (நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது) பக்கம் கையைக் காட்டுகிறது.

எங்கள் ஊர் வீடுகளில் நான் முதலில் பார்ப்பது யுபிஎஸ். கடையில் கணினியோடு சேர்த்துத் தரும் 600 விஏ யுபிஎஸ், பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். ஆர்டிஎக்ஸ் 3080 கார்டு ஒன்றே 320 வாட் எடுக்கும். சிபியு, மானிட்டர், எஸ்எம்பிஎஸ்ஸில் (கணினியின் பவர் சப்ளை) வெப்பமாகப் போகும் பங்கு எல்லாம் சேர்ந்தால் 500 வாட்டைச் சுலபமாகத் தாண்டும். டைப் அடிக்கும்போது எல்லாம் நன்றாக இருக்கும், கேம் திறந்தால்தான் விழும். சோதனை எளிது: யுபிஎஸ்ஸை விலக்கிவிட்டு, மூன்று முள் பிளக்கை நேராகச் சுவர் சாக்கெட்டில் செருகி அதே கேமை ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். பிரச்சினை போய்விட்டதா, கணினியில் கை வைக்க வேண்டியதில்லை.

கரண்ட் போகும் நொடியில் மட்டும் அணைகிறது என்றால் அது வேறு கதை. யுபிஎஸ் பேட்டரிக்கு மாற சில மில்லி விநாடி எடுக்கும். நல்ல எஸ்எம்பிஎஸ் சுமார் 16 மில்லி விநாடி வரை தன்னிடம் உள்ள மின்சாரத்தில் தாக்குப்பிடிக்கும். மட்டமானது அதற்குள் கையை விரித்துவிடும். அப்புறம், விலை குறைந்த யுபிஎஸ்கள் தரும் படிக்கட்டு வடிவ மின்அலையோடு ஆக்டிவ் பிஎஃப்சி (மின்சாரத்தைச் சீராக இழுக்கும் சுற்று) உள்ள சில எஸ்எம்பிஎஸ்கள் ஒத்துப்போவதில்லை.

சுவர் சாக்கெட்டிலும் அணைகிறது என்றால் அடுத்த சந்தேகம் எஸ்எம்பிஎஸ். காசு செலவில்லாமல் இதை உறுதி செய்ய ஒரு வழி: ஆஃப்டர்பர்னரில் பவர் லிமிட்டை (கார்டு எடுக்கக்கூடிய மின்சாரத்தின் வரம்பு) 70 சதவீதத்துக்கு இறக்கிவிட்டு விளையாடுங்கள். எஃப்பிஎஸ் கொஞ்சம் குறையும். ஆனால் அணைவது நின்றுவிட்டால் எஸ்எம்பிஎஸ் அல்லது அதன் கேபிள்தான் காரணம் என்று ஏறக்குறைய முடிவுக்கு வரலாம். இப்போதைய கார்டுகள் ஒரு விநாடியின் மிகச் சிறிய துண்டில் தங்கள் சராசரியைப்போல இரண்டு மடங்குவரை மின்சாரத்தை உறிஞ்சும். மென்பொருளில் 320 வாட் என்று அமைதியாகக் காட்டும், ஆனால் எஸ்எம்பிஎஸ்ஸின் பாதுகாப்புச் சுற்று அந்த இமைப்பொழுது எழுச்சியைப் பார்த்துப் பயந்து அணைத்துவிடும். 2020இல் ஆர்டிஎக்ஸ் 3080, 3090 வந்தபோது 'நேற்றுவரை ஓடிய எஸ்எம்பிஎஸ்' பலருக்குத் திடீரென்று கெட்டுப்போனது இதனால்தான். 2022இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதி, எஸ்எம்பிஎஸ் தன் அளவைப்போல இரண்டு மடங்கு சுமையை 100 மைக்ரோ விநாடி தாங்க வேண்டும் என்று கேட்கிறது.

புதிது வாங்கும் முன் கேபிளையும் பாருங்கள். ஒரே கேபிளில் இரண்டு தலை இருக்கிறதே என்று இரண்டையும் கார்டில் செருகாமல், எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனித்தனியாக இரண்டு கேபிள் இழுங்கள். ஒரு எட்டு முள் இணைப்பின் கணக்கு 150 வாட். 16 முள் இணைப்பு உள்ள கார்டு என்றால் அது முழுதாக உள்ளே போயிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். 2022 அக்டோபரில் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுகளின் இணைப்பு உருகிய செய்திகள் வந்தன. அடுத்த மாதம் என்விடியா, சரியாகச் செருகாததே பொதுவான காரணமாகத் தெரிகிறது என்றது. பிறகு வந்த 12வி-2எக்ஸ்6 வடிவத்தில், முழுதாகச் செருகாவிட்டால் கார்டு மின்சாரமே எடுக்காதபடி சிறு முட்களைக் குட்டையாக்கினார்கள். எதுவானாலும் இணைப்புக்கு ஒட்டியே கேபிளை மடிக்க வேண்டாம்.

எஸ்எம்பிஎஸ் ரிவ்யூ பற்றி ஒரு வார்த்தை. பெட்டியைப் பிரித்து, கேபிள்களை மேசையில் பரப்பி, 'பில்டு குவாலிட்டி அருமை' என்று முடிக்கும் வீடியோ ரிவ்யூ அல்ல. '80 பிளஸ் கோல்டு' என்ற முத்திரை எவ்வளவு மின்சாரம் வீணாகிறது என்பதைத்தான் சொல்கிறது, தரத்தைச் சொல்வதில்லை. சுமையைக் கருவியில் ஏற்றி இறக்கி, ரிப்பிள் (மின்அழுத்தத்தில் வரும் சிறு அலைவு), தாக்குப்பிடிக்கும் நேரம், பாதுகாப்புச் சுற்று எந்த இடத்தில் வேலை செய்கிறது என்று அளந்திருந்தால் மட்டும் படியுங்கள். ஒரே நிறுவனம் விற்கும் 550 வாட்டும் 750 வாட்டும் வெவ்வேறு தொழிற்சாலையில் செய்தவையாக இருக்கலாம் என்பதால், நீங்கள் வாங்கப்போகும் அதே வாட்டின் சோதனையைத் தேடுங்கள். இங்கே மிச்சம் பிடிக்கும் ஆயிரம் ரூபாய் மற்ற எல்லாப் பாகத்துக்கும் ஆபத்து.

கணினி ஓடுகிறது, கேம் மட்டும் மூடிக்கொள்கிறது

'அவுட் ஆஃப் வீடியோ மெமரி' என்று பிழை வருகிறது, ஆனால் கார்டில் 16 ஜிபி இருக்கிறது. உங்களுடையது இன்டெல் 13 அல்லது 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்பா? அப்படியானால் கார்டை விட்டுவிட்டு சிபியுவைப் பாருங்கள். அன்ரியல் இன்ஜின் கேம்கள் தொடங்கும்போது ஷேடர்களை (படத்தை வரைய கார்டில் ஓடும் சிறு நிரல்கள்) விரிக்கும் வேலை சிபியுவின் தலையில்தான் விழும். அங்கே ஒரு கணக்கு தப்பினால் கேம் பழியைக் கார்டின் மெமரி மேல் போட்டுவிடும். இந்தச் சிப்கள் தேவைக்கு மேற்பட்ட மின்அழுத்தம் பெற்று மெல்ல மெல்லத் தேய்கின்றன என்று 2024இல் இன்டெலே ஒப்புக்கொண்டது. ஆகஸ்டில் 0எக்ஸ்129 மைக்ரோகோட் (பயாஸோடு வரும் சிபியுவுக்கான திருத்தம்) வந்தது, அதன் பிறகு இன்னும் சில. பெட்டியில் வரும் சிப்களின் வாரன்டி மூன்றிலிருந்து ஐந்து ஆண்டாக நீட்டப்பட்டது. உங்கள் மதர்போர்டின் பயாஸ் பக்கத்தில் கடைசியாக வந்ததைப் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் ஏற்கெனவே தேய்ந்த சிப்பை மைக்ரோகோட் குணமாக்காது. புது பயாஸிலும் பிழை தொடர்ந்தால் வாரன்டியில் மாற்றிக் கேளுங்கள், தயங்க வேண்டாம். செகண்ட் ஹேண்டில் 13900கே மலிவாகக் கிடைக்கிறது என்றால் ஏன் மலிவு என்று யோசியுங்கள்.

மற்ற சிப்கள் என்றால் ராம். பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை (ராமைப் பெட்டியில் போட்ட வேகத்தில் ஓட்டும் அமைப்பு) அணைத்துவிட்டு விளையாடிப் பாருங்கள். பிழை நின்றால் ராம் அந்த வேகத்தைத் தாங்கவில்லை. பென்டிரைவில் மெம்டெஸ்ட்86 போட்டு இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அது தோல்விதான். 'லட்சத்தில் ஒன்றுதானே' என்ற சமாதானம் ராமுக்குச் செல்லாது.

நான்கு ராம் போட்டவர்களுக்குத் தனியாக. ரைசன் 7000இல் இரண்டு டிடிஆர்5 ராமுக்கு ஏஎம்டி உறுதி தருவது 5200 வேகம். நான்கு போட்டால் 3600. 6000 வேக ராம் நான்கு வாங்கி அதே வேகத்தில் ஓட வேண்டும் என்று எதிர்பார்ப்பது அதிர்ஷ்டத்தை நம்புவது. 32 ஜிபி வேண்டுமானால் ஒரே பெட்டியில் வரும் 16 ஜிபி ஜோடியை வாங்குங்கள். இப்போது ஒன்று, அடுத்த தீபாவளிக்கு ஒன்று என்று வாங்கினால், பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே சிப் வேறாக இருக்கும்.

எஃப்பிஎஸ் எண் நன்றாக இருக்கிறது, ஆனால் விக்குகிறது

மூலையில் 100 என்று காட்டுகிறது, கைக்கு 40 போலத் தெரிகிறது. எண் பொய் சொல்லவில்லை; அது சராசரி. நூறு எஃப்பிஎஸ் என்றால் ஒரு சட்டத்துக்கு (ஃபிரேம்) 10 மில்லி விநாடி. நடுவில் ஒரே ஒரு சட்டம் 80 மில்லி விநாடி எடுத்தால் சராசரி அசையாது, கண் அசையும். 2011இல் டெக் ரிப்போர்ட் தளத்தில் ஸ்காட் வாசன் ஒவ்வொரு சட்டத்தின் நேரத்தையும் தனியாக அளந்து எழுதிய பிறகுதான் ரிவ்யூக்களின் போக்கே மாறியது. இன்று '1% லோ' (மிக மெதுவான ஒரு சதவீதச் சட்டங்களின் எஃப்பிஎஸ்) என்று எல்லோரும் போடும் எண் அந்த வழியில் வந்தது. சராசரி 140, 1% லோ 60 என்ற கார்டை விட, சராசரி 120, 1% லோ 95 என்ற கார்டு கைக்கு இதமாக இருக்கும். 1% லோ தராத ரிவ்யூவை நான் பாதியில் மூடிவிடுவேன்.

உங்கள் கணினியில் ஆஃப்டர்பர்னரின் ஃபிரேம் டைம் வரைபடத்தைப் போட்டுக்கொண்டு, விக்கும் இடத்துக்கே போய், அதே பாதையில் இரண்டாம் முறை நடந்து பாருங்கள். முதல்முறை மட்டும் விக்கி, இரண்டாம் முறை வழுக்கிக்கொண்டு போனால் அது ஷேடர் தயாராகும் நேரம். கேமின் குற்றம், உங்கள் பாகங்களின் குற்றம் அல்ல. டிரைவரைப் புதுப்பித்ததும் இது மறுபடி வரும், பிறகு அடங்கும்.

இரண்டு முறையும் விக்கினால் டெக்ஸ்ச்சர் (பொருள்களின் மேற்பரப்புப் படங்கள்) அமைப்பை மட்டும் ஒரு படி இறக்குங்கள், வேறு எதையும் தொட வேண்டாம். சரியாகிவிட்டதா? கார்டின் மெமரி போதவில்லை. 8 ஜிபி கார்டில் இப்போது இதுதான் பெரிய தலைவலி. கார்டில் இடம் இல்லாத டெக்ஸ்ச்சர் மெயின் ராமிலிருந்து பிசிஐஇ (கார்டை மதர்போர்டோடு இணைக்கும் பாதை) வழியாக வர வேண்டும். பழைய மதர்போர்டில் அந்தப் பாதை இன்னும் குறுகல். ஆர்டிஎக்ஸ் 4060 டிஐ, 5060 டிஐ இரண்டும் 8, 16 ஜிபி என இரு வகையில் வருகின்றன. கார்டை நான்கைந்து வருடம் வைத்திருப்பவர் 8 ஜிபி பக்கம் போகவே வேண்டாம் என்பது என் கருத்து. ரிவ்யூ பார்க்கும்போது எந்த வகையைச் சோதித்தார்கள் என்பதையும் பாருங்கள். 16 ஜிபி கார்டின் வரைபடத்தைக் காட்டி 8 ஜிபியைக் கட்டிக்கொடுப்பது கடைகளில் நடப்பதுதான்.

டெக்ஸ்ச்சரை இறக்கியும் மாறவில்லை என்றால் டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்து 'ஸ்லாட்ஸ் யூஸ்டு' என்பதைப் படியுங்கள். ஒன்று என்று இருந்தால் ராம் ஒற்றைச் சேனலில் ஓடுகிறது, அலைவரிசை (தரவு போகும் வேகம்) பாதிதான். கடையில் கட்டிய கணினிகளில் 16 ஜிபி ஒரே துண்டாகப் போட்டிருப்பது சகஜம். இரண்டு எட்டாக மாற்றினால் 1% லோ ஏறும். சிபியுவோடு சேர்ந்த கிராபிக்ஸில் விளையாடுபவர்களுக்குச் சராசரியே கணிசமாக ஏறும்.

கேம் இன்னும் ஹார்டு டிஸ்கில் இருந்தால் எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள். இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

ரிவ்யூவில் வந்த எஃப்பிஎஸ் எனக்கு வரவில்லை

மானிட்டர் அமைப்பைப் பாருங்கள். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கி, விண்டோஸ் 60இலேயே ஓட்டிக்கொண்டிருப்பதை யாரும் கவனிப்பதில்லை. டிஸ்பிளே அமைப்புகளில் அட்வான்ஸ்டு டிஸ்பிளேவுக்குள் போய் மாற்ற வேண்டும். 144 அந்தப் பட்டியலிலேயே இல்லை என்றால் கேபிள் பழையது, டிஸ்பிளேபோர்ட்டுக்கு மாறுங்கள்.

பிறகு ராம் வேகம். பெட்டியில் 3200 என்று போட்டிருக்கும், எக்ஸ்எம்பி போடாவிட்டால் 2133 அல்லது 2666இல் ஓடும். டாஸ்க் மேனேஜரே காட்டிவிடும்.

அடுத்து ஜிபியு-இசட் திறந்து, கார்டின் விவரங்களைத் தயாரிப்பாளர் சொல்வதோடு வரி வரியாக ஒப்பிடுங்கள். மூன்று விஷயங்கள் சிக்கும். ஒன்று, பேரைப் பார்த்து ஏமாந்தது: ஜிடி 1030 கார்டில் ஜிடிடிஆர்5 வகைக்கு விநாடிக்கு 48 ஜிபி அலைவரிசை, 2018இல் வந்த டிடிஆர்4 வகைக்கு 17 ஜிபி கூட இல்லை, பேர் ஒன்றே. ஆர்டிஎக்ஸ் 3060இலும் 12 ஜிபி, 8 ஜிபி வகைகள் ஒன்றல்ல, மெமரி பாதை 192 பிட்டிலிருந்து 128 பிட்டாகக் குறைந்தது. இரண்டு, பிசிஐஇ பாதை: ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி நான்கே பாதைகளோடு வந்த கார்டு. பிசிஐஇ 4.0 போர்டில் நடந்த சோதனையை நம்பி பழைய 3.0 போர்டில் போட்டவர்கள் ஏமாந்தார்கள். மூன்று, அரிதானது: 2025 பிப்ரவரியில் ஆர்டிஎக்ஸ் 5090, 5070 டிஐ வகைகளில் அரை சதவீதத்துக்கும் குறைவான கார்டுகள் சில ஆர்ஓபி (படத்தின் கடைசிக் கட்ட வேலையைச் செய்யும் அலகு) குறைந்து வெளியே போய்விட்டதாக என்விடியா ஒப்புக்கொண்டது. 5090இல் 176 இருக்க வேண்டும். 168 என்று காட்டினால் மாற்றிக் கேட்கலாம்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் குறைகிறதா? சரி, ரிவ்யூவையே திரும்பப் படியுங்கள். சிபியு ரிவ்யூக்களில் ஆர்டிஎக்ஸ் 4090 போன்ற மிக வேகமான கார்டைப் போட்டு 1080பியில் ஓட்டுவார்கள். கார்டு தடையாக இருக்கக் கூடாது, சிபியுக்களுக்கு இடையே உள்ள வித்தியாசம் தெரிய வேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே செய்வது அது. ஆர்டிஎக்ஸ் 4060 வைத்து 1440பியில் விளையாடுபவருக்கு அந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி கண்ணில் படாது. சிபியுவை மாற்றும் முன் உங்கள் கேமின் ரெசல்யூஷனை 720பிக்கு இறக்கிப் பாருங்கள். எஃப்பிஎஸ் துள்ளி ஏறினால் கார்டுதான் எல்லை. ஏறவே இல்லை என்றால் சிபியு.

முதல் பத்து நிமிடம் நன்றாக இருக்கிறது, பிறகு தொய்கிறது

வெப்பம். ஆனால் வெறும் எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம். ரைசன் 7600எக்ஸ் முழுச் சுமையில் 95 டிகிரி போவது வடிவமைப்பிலேயே உள்ளது. வெப்பநிலையோடு கடிகார வேகமும் சேர்ந்து விழுகிறதா என்பதுதான் கேள்வி. எச்டபிள்யூஇன்ஃபோவில் 'தெர்மல் த்ராட்லிங்' என்ற வரி 'யெஸ்' என்று மாறியிருந்தால் விழுகிறது.

கேபினட்டின் பக்கக் கதவைத் திறந்துவிட்டு விளையாடுங்கள். ஏழெட்டு டிகிரி இறங்கினால் கூலரில் குறையில்லை, காற்றுக்கு வழியில்லை. முன்பக்கம் கண்ணாடியால் அடைத்த அழகான கேபினட்களின் கதி இதுதான். கதவைத் திறந்தும் இறங்காவிட்டால் தூசி, அப்புறம் தெர்மல் பேஸ்ட்.

கூலர் ரிவ்யூக்களில் பல, அறை வெப்பநிலைக்கு மேல் எத்தனை டிகிரி என்றுதான் தரும். 22 டிகிரி அறையில் சிபியு 75 டிகிரி என்றால் வித்தியாசம் 53. சித்திரை மாத மதியம், ஏசி இல்லாத 36 டிகிரி அறையில் அதே கூலர் 89ஐத் தொடும். ரிவ்யூ சொன்ன எண்ணோடு உங்கள் அறையைக் கூட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கேபினட்டைத் தொட்டால் சுர்ரென்கிறது

எஸ்எம்பிஎஸ் கெட்டுவிட்டது என்று மாற்றிவிட வேண்டாம். புதிதும் அதேபோல்தான் சுர்ரென்னும். எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே இருக்கும் வடிகட்டி, சிறிதளவு கசிவை எர்த் கம்பிக்கு அனுப்பும்படி செய்யப்பட்டது. வீட்டில் எர்த் இல்லை, அல்லது இரண்டு முள் எக்ஸ்டென்ஷனில் செருகியிருக்கிறீர்கள் என்றால் அது கேபினட்டில் தேங்கி நிற்கும். ஹெட்செட்டில் ங்ங்ங் என்ற இரைச்சல், யுஎஸ்பி அடிக்கடி துண்டித்துச் சேர்வது போன்றவையும் இதன் கூட வரலாம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் சரியாக இருக்கிறதா என்று அளக்கச் சொல்லுங்கள். இதை நீங்களே செய்யப் போகாதீர்கள்.

திரையில் புள்ளிகள், கோடுகள், கார்டிலிருந்து சத்தம்

கீச்சென்ற மெல்லிய சத்தம் எஃப்பிஎஸ் ஏற ஏற உயர்ந்தால் அது காயில் வைன் (கார்டின் மின்சுருள்கள் அதிரும் சத்தம்). கோளாறு அல்ல. எஃப்பிஎஸ்ஸுக்கு வரம்பு வைத்தால் குறையும். கடகடவென்றால் விசிறியின் பேரிங்.

வண்ணப் புள்ளிகள், செக்கர்போர்டு போன்ற கட்டங்கள் வந்தால் ஓவர்கிளாக்கை நீக்குங்கள், டிடியு (டிரைவரை முழுதாக நீக்கும் மென்பொருள்) வைத்து டிரைவரைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள், வேறு கேபிளில் பாருங்கள். பயாஸ் திரையிலேயே புள்ளிகள் தெரிந்தால் டிரைவர் காரணமில்லை; பெரும்பாலும் கார்டின் மெமரி சாகிறது. அடுப்பில் வைத்துச் சூடாக்கினால் சரியாகும் என்று வீடியோக்கள் சுற்றும். சில நாள் ஓடலாம், வாரன்டி போய்விடும், வீட்டில் நச்சுப் புகையும் மிச்சம்.

பழைய கார்டு வாங்குபவர்கள் இந்தச் சோதனையைக் கடையிலேயே செய்துவிடலாம். ஓசிசிடி (OCCT) மென்பொருளில் விரேம் (கார்டின் மெமரி) டெஸ்ட் என்று ஒன்று இருக்கிறது, அதை அரை மணி நேரம் ஓடவிட்டு, கூடவே ஜிபியு-இசட்டையும் திறந்து வையுங்கள். பழைய ஜிடிஎஸ் 450யின் பயாஸை மாற்றி 1050 டிஐ என்று விற்கும் கார்டுகளைக்கூட அது பெயருக்கு முன்னால் 'ஃபேக்' என்று எழுதிக் காட்டிவிடும். அரை மணி நேரம் ஓட்டிப் பார்க்க விடமாட்டேன் என்று கடைக்காரர் சொன்னால் அந்த கார்டு வேண்டாம்.